கேன்யன் விளிம்பில் காலையும் மாலையும்: தோட்டத்துக் கிணற்றில் தொடங்கும் ஒரு ஃபோட்டோ வழிகாட்டி

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருபது வருடமாகக் கல்யாணம் எடுத்துப் பழகிய கை என்னுடையது. மகள் அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் குடியிருப்பதால் கிராண்ட் கேன்யன் என்கிற பெரும் பள்ளத்தாக்குக்கு நான்கு முறை போய்வந்தாயிற்று. முதல் முறை எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களில் சுவரில் மாட்ட ஒன்றுகூடத் தேறவில்லை. அடுத்த மூன்று முறையும் ஊர்க்காரர்கள் சிலர் கூட வந்தார்கள். நான் விழுந்த அதே குழியில் அவர்களும் வரிசையாக விழுந்தார்கள். எல்லாரும் சூரியனைத்தான் துரத்துகிறார்கள். நிழல் எங்கே விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். கேமரா செட்டிங் ஏழாவதாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஆறும் சரியாக இருந்தால் செட்டிங் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் படம் வந்துவிடும்.

1. தேதி, திசை, கடிகாரம்

நம் ஊரில் சூரியன் பெரிதாக ஏமாற்றாது. ஜூனில் ஆறு மணிக்கு உதித்தால் ஜனவரி கடைசியில் ஆறே முக்கால், அவ்வளவுதான். கேன்யன் இருப்பது 36 டிகிரி வடக்கில். அங்கே ஜூன் நடுவில் காலை 5.15ஐ ஒட்டி உதயம். டிசம்பர் கடைசியில் 7.30ஐத் தாண்டிவிடும். அஸ்தமனமும் அப்படியே: ஜூனில் இரவு 7.45 வரை போகும், டிசம்பரில் 5.15க்கே முடிந்துவிடும். போன தடவை போன சொந்தக்காரர் சொன்ன நேரத்தை நம்பிப் போகாதீர்கள். அவர் எந்த மாதம் போனார் என்று கேளுங்கள்.

நேரத்தைவிட முக்கியம் திசை. கேன்யனுக்குள் கொலராடோ ஆறு மொத்தத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. பெரும்பாலோர் நிற்பது சவுத் ரிம் என்கிற தெற்கு விளிம்பில். ஆக, நீங்கள் வடக்கே பார்த்து நிற்கிறீர்கள். காலை வெயில் வலது பக்கத்திலிருந்து, மாலை வெயில் இடது பக்கத்திலிருந்து. கோடையில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 30 டிகிரி வடக்கே தள்ளி உதிப்பதால் வெளிச்சம் வலது முன்பக்கத்திலிருந்து வரும். குளிர்காலத்தில் அதே அளவு தெற்கே தள்ளி, உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். எதிர்ச்சுவர் பளிச்சென்று இருக்கும், காலடியில் இருக்கும் சரிவு நாள் முழுக்க இருட்டாகக் கிடக்கும்.

இதனால்தான் நான் அக்டோபரையும் மார்ச்சையும் சொல்வேன். சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் விழும். பக்கவாட்டு வெயில் ஒவ்வொரு பாறை மடிப்புக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் கொடுக்கும். மண்டபத்தில் முகத்துக்கு நேராக ஃப்ளாஷ் அடித்தால் மூக்கு தட்டையாகிவிடும், பக்கத்திலிருந்து லைட் வைத்தால் முகம் எழும்பி வரும். அதே கணக்குதான்.

கடிகாரத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. அரிசோனாவில் கோடை நேர மாற்றம் கிடையாது. வருடம் முழுக்க நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஆனால் கேன்யனுக்குக் கிழக்கே உள்ள நவாஹோ பழங்குடியினர் நிலத்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அந்த வழியாகக் காரில் வருகிறவர்களின் ஃபோன் தானாக அந்த நேரத்துக்கு மாறிவிடும். அலாரம் வைக்குமுன் ஃபோனில் நேர மண்டலத்தை ‘ஃபீனிக்ஸ்’ என்று கையால் மாற்றி வையுங்கள்.

நார்த் ரிம் என்கிற வடக்கு விளிம்பு மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் வழக்கமாகத் திறந்திருக்கும். 2025 காட்டுத்தீயில் அங்கிருந்த லாட்ஜும் எரிந்துபோனது. முதல் முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் சவுத் ரிம்முக்குத்தான்.

2. முதலில் கிணற்றில் பழகுங்கள்

சிரிக்க வேண்டாம். பாறை வெட்டித் தோண்டிய சதுரக் கிணறு ஒன்று உங்கள் தோட்டத்திலோ பங்காளி தோட்டத்திலோ கட்டாயம் இருக்கும். அறுபது, எழுபது அடி ஆழம், மேலே செம்மண், கீழே பாறை, ஒரு சுவரில் வெயில், எதிர்ச்சுவரில் கும்மிருட்டு. கேன்யனில் உங்கள் கேமரா எந்த இடத்தில் திணறுமோ அதே இடத்தில் இங்கேயும் திணறும். கையில் காசு செலவில்லை, விசா வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. கிணற்றின் தெற்குக் கரையில் வடக்கே பார்த்து ட்ரைபாடை வையுங்கள். மதில் இல்லாத கிணறாக இருந்தால் ஆறடி தள்ளி வையுங்கள். இந்தப் பழக்கம் அங்கே உயிரைக் காக்கும். தென்னைமரத்துக்கு மேலே சூரியன் வந்ததும் முதல் வெயில் மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு கோடாக விழும். அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், அதே ஃப்ரேமில், ஒரு மணி நேரம். நடுவில் டீ குடிக்கப் போகக் கூடாது.

அன்று மாலை அந்தப் பன்னிரண்டு படத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தப் படத்தில் கிணறு ஆழமாகத் தெரிகிறது? வெயிலே இல்லாததிலும் இல்லை, முழுக்க வெயில் நிறைந்ததிலும் இல்லை. சுவரில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் இறங்கியிருக்கும் படத்தில்தான் ஆழம் இருக்கும். இதை நான் வாயால் சொல்லி யாரும் நம்பியதில்லை. கிணற்றில் பார்த்த பிறகு நம்பினார்கள்.

இன்னொரு பயிற்சி: வெயில் பட்ட சுவருக்கு எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வைத்து ஒரு படம், நிழல் சுவரில் பாறைக் கீறல் தெரியும் வரை ஏற்றி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பு) வித்தியாசம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கேமரா ஒரே ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் வைக்கும் மூலப் படம்) அதைத் தாங்குமா, மூன்று படமாக எடுத்துச் சேர்க்க வேண்டுமா என்று அங்கே போய் யோசிக்க நேரம் இருக்காது.

மூன்றாவது, இருட்டில் ட்ரைபாடை விரித்து, கேமராவை மாட்டி, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றப் பழகுங்கள். டார்ச் அடிக்காமல்.

கிணறு கைவந்தபின் ஒருநாள் கோடநாடு காட்சிமுனைக்குப் போய்வாருங்கள். கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர் வாக்கில். அங்கேயும் நீங்கள் தெற்குப் பக்கத்து மேட்டில் நின்று வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறீர்கள். கீழே தெங்குமரஹாடா, தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம். பெரிய பள்ளத்தாக்கை, அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸில் எடுத்தால் எவ்வளவு சப்பையாகிறது என்று அங்கே அரை மணியில் புரிந்துவிடும். அனுமதி நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். திம்பம் மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் யோசனை வேண்டாம்; புலிகள் காப்பகம் அது.

3. பையில் என்ன வேண்டும்

சவுத் ரிம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஊட்டி உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது 36 டிகிரி வடக்கு ஊட்டி. பாலைவனம் என்ற சொல்லை நம்பி அரைக்கைச் சட்டையோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் விடியலில் உறைநிலைக்குக் கீழே போகும், பனி கொட்டும். அக்டோபரிலேயே பல்லைக் கிட்டிக்கும். விரல் நடுங்கினால் ஃபோகஸ் ரிங்கைத் திருப்ப முடியாது. ஆகவே கையுறை கேமரா சாமான்தான், துணிக் கணக்கில் வராது.

ட்ரைபாட் கட்டாயம். விளிம்பில் காற்று பலமாக அடிக்கும். நடுக்கம்பத்தை உயர்த்தாதீர்கள், கால்களை அகட்டித் தாழ்வாக வையுங்கள். பையை நடுக்கொக்கியில் மாட்டினால் அசையாது, ஆனால் தரையைத் தொடும்படி மாட்டுங்கள். காற்றில் ஆடினால் அதுவே ட்ரைபாடை உலுக்கும்.

லென்ஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம். எல்லாரும் 16-35 மி.மீ. வைட் லென்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கேன்யன் சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். அதை வைட்டில் எடுத்தால் மேலே பாதி வெறும் வானம், கீழே பாதி வெறும் பாறை, நடுவில் ஒரு கோடு. 24-105 ஒன்று, தூரத்தை அருகே இழுக்கும் டெலி லென்ஸ் 70-200 ஒன்று போதும். ஒன்றுதான் எடுத்துவர முடியும் என்றால் நான் 70-200ஐத்தான் எடுப்பேன்.

கூடுதல் பேட்டரி இரண்டு. சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். ரப்பர் ப்ளோயர், மென்துணி. நெற்றியில் மாட்டும் விளக்கு, முடிந்தால் சிவப்பு வெளிச்சம் உள்ளது. தண்ணீர். காற்று அவ்வளவு வறட்சி, உதடு இரண்டாம் நாளே வெடித்துவிடும்.

ட்ரோன் எடுத்துவராதீர்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை. நம் ஊர் மண்டபத்தில் பறக்கவிடுகிற மாதிரி அங்கே பறக்கவிட்டால் அபராதம் கட்டிவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.

4. இடத்தை மத்தியானமே பார்த்து வையுங்கள்

மத்தியான வெயிலில் கேன்யன் வெளுத்த பாய் மாதிரி கிடக்கும். படமெடுக்க உதவாத அந்த நேரம்தான் இடம் பார்க்க ஏற்ற நேரம். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஒரே விடியலில் மூன்று இடம் என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்றையும் வண்டிக்குள்ளிருந்துதான் பார்ப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் ஒரு மண்டபத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட முடியுமா?

விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் முனையாகப் பாருங்கள். அப்போதுதான் கிழக்கும் தெரியும், மேற்கும் தெரியும். சூரியன் பக்கம் பார்த்தால் மலை அடுக்குகள், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் நிறம். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.

காலைக்கு: மேதர் பாயிண்ட், பார்வையாளர் மையத்திலிருந்து சிறிது நடை. கூட்டம் இருக்கும், ஆனால் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அதுதான் வசதி. யாக்கி பாயிண்ட் இன்னும் நல்லது. அங்கே சொந்த வண்டி போக முடியாது, பூங்காவின் இலவச ஷட்டில் பஸ்தான். மாலைக்கு: ஹாப்பி பாயிண்ட் நன்றாக உள்ளே துருத்தியிருக்கும், ஆனால் அஸ்தமனத்துக்கு நம்ம ஊர் தேர்க்கூட்டம் மாதிரி நெரியும். அதைத் தாண்டி மோகாவி பாயிண்டில் இறங்கினால் கூட்டம் குறைவு, ஆறும் தெரியும். இவை இருக்கும் ஹெர்மிட் சாலையில் மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை ஷட்டில் மட்டும்தான். சொந்த வண்டியில் போக வேண்டுமென்றால் கிழக்கே டெஸர்ட் வியூ சாலையில் லிபான் பாயிண்ட். ஆறு வளைந்து வருவது அங்கிருந்து அழகாகத் தெரியும். மாலைக்கு என் முதல் தேர்வு அதுதான்.

எதிரே இருக்கும் சிகரங்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள் என்றே பெயர். கூட வந்த ஒரு அத்தை பெயர்ப்பலகையைப் படித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பக்தி இருக்கட்டும், முதல் வெயில் இந்தச் சிகரங்களில்தான் விழும், அதற்காகத்தான் சொல்கிறேன். எது எந்தத் திசையில் இருக்கிறது என்று மத்தியானமே ஃபோனில் படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் எல்லாம் ஒரே கறுப்பு.

முன்புறத்துக்கு ஒரு ஜூனிபர் மரமோ பிளந்த பாறையோ பார்த்து வைப்பதும் இப்போதே. நிற்கும் இடத்தில் பாறை வழுக்குமா, பின்னால் நடக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். பல இடங்களில் கம்பி வேலி கிடையாது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு அடிகூட நகராதீர்கள். கண்ணை எடுங்கள், காலைப் பாருங்கள், அப்புறம் நகருங்கள்.

5. முதல் நாள் இரவே முடிக்க வேண்டியவை

பேட்டரி சார்ஜ், கார்டு காலி, லென்ஸ் துடைப்பு. அப்புறம் கேமராவில்: ரா, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்11, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) ‘டேலைட்’, இரண்டு வினாடி டைமர், ஃப்ளாஷ் அணைப்பு.

ஃப்ளாஷை எதற்குத் தனியாகச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலைக்கு ஃப்ளாஷ் அடிக்கிறார். மலைக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் நீளமான எக்ஸ்போஷர் வைத்துக்கொண்டிருப்பவரின் படம் போய்விடும்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், கேமரா அந்தச் சிவப்பை ஒரு தவறாக நினைத்துக்கொண்டு நீலத்தைக் கலந்து ‘திருத்தி’ வைக்கும். ராவில் பின்னால் மாற்றலாம், உண்மை. ஆனால் திரையில் மங்கலாகத் தெரிந்தால் அங்கேயே மனசு தளர்ந்து கிளம்பிவிடுவீர்கள். நான் கிளம்பியிருக்கிறேன்.

ஷட்டிலில் போவதாக இருந்தால் அந்த மாதத்தின் முதல் பஸ் நேரத்தைப் பாருங்கள். தங்குவதற்கு விளிம்பிலேயே அறை கிடைக்காவிட்டால் டுசாயான் ஊர், பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஃபீனிக்ஸிலிருந்து விடியலுக்கு ஓட்டி வருகிறேன் என்று கிளம்பாதீர்கள். மூன்றரை மணி நேரப் பயணம், கடைசிப் பகுதி முழுக்க இருட்டு, ரோட்டில் எல்க் மான் நிற்கும்.

6. காலை: நிமிடக் கணக்கு

உதயத்துக்கு 75 நிமிடம் முன்னால் இடத்தில் இருங்கள். மணமேடைக்கு எதிரே முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னாலேயே இடம் பிடிக்கும் ஃபோட்டோகிராஃபருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

45 நிமிடம் முன்: எல்லாம் நீலம். பத்து முதல் முப்பது வினாடி எக்ஸ்போஷர். நல்ல படம் ஒன்றிரண்டு வரும், ஆனால் இதன் உண்மையான வேலை ஃப்ரேமைச் சரிபார்ப்பது. அடிவானம் நேராக இருக்கிறதா, மூலையில் யாருடைய பையாவது தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள்.

25 முதல் 10 நிமிடம் முன்: சூரியன் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டுங்கள். மேற்கு அடிவானத்தில் ஒரு இளஞ்சிவப்புப் பட்டை, அதன் கீழே நீலச்சாம்பல் பட்டை. அந்த நீலச்சாம்பல்தான் வளிமண்டலத்தில் விழும் பூமியின் நிழல். சூரியன் மேலே வர வர அது கீழே இறங்கி மறையும். எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மேற்குப் பக்கம் உங்களுக்கு மட்டும். நம் ஊரைவிட அங்கே அந்திவெளிச்சம் சற்று நீளம், பதற வேண்டாம்.

உதயம், ஐந்து நிமிடம் முன்னும் பின்னும்: 70-200க்கு மாறுங்கள். உயரமான சிகர முனைகளில் மட்டும் தீப்பொட்டு வைத்தது மாதிரி வெளிச்சம் விழும். சுற்றிலும் நீல நிழல். முழு கேன்யனையும் ஃப்ரேமில் அடைக்க நினைக்காதீர்கள். ஒரு சிகரம், அதன் கீழ் நிழல், அவ்வளவு போதும். வானத்தில் மேகம் இல்லையென்றால் வானத்தையே வெட்டிவிடுங்கள். வெறும் வானம் பிரிண்டில் வீணான இடம்.

உதயத்துக்குப் பின் 5 முதல் 40 நிமிடம்: அறுவடை இப்போதுதான். கிணற்றுச் சுவரில் பார்த்தீர்களே, அதேபோல வெளிச்சம் ஒவ்வொரு அடுக்காகக் கீழே இறங்கும். உச்சியில் வெளிர்மஞ்சள் கைபாப் சுண்ணாம்புக்கல், அதன் கீழ் வெள்ளை மணற்பாறை, அப்புறம் சிவப்பு அடுக்குகள். சிவப்பை வெயில் தொடும்போது அடிவாரம் இன்னும் நிழலில் இருந்தால், அந்த மூன்றில் ஒரு பங்கு கணக்கு அப்படியே வந்துவிடும். சூரியன் உருண்டையாக வந்துவிட்டதே என்று பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

கடைசியாகச் சூரியன் பக்கம் திரும்புங்கள், டெலி லென்ஸிலேயே. தூசும் ஈரமும் கலந்த மெல்லிய மங்கலில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும். சூரியனை ஃப்ரேமுக்கு வெளியே வையுங்கள். லென்ஸ் ஹூட் போதாவிட்டால் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஐநூறு டாலர் ஃபில்டர் செய்யாத வேலையை உள்ளங்கை செய்யும்.

7. எக்ஸ்போஷரும் ஃபோகஸும்

எஃப்8 முதல் எஃப்11. எஃப்22 வைத்தால் எல்லாம் கூர்மையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து சிதறி மொத்தப் படமும் மெழுகு பூசினது போலாகும்.

ஃபோகஸ்: முன்னால் ஏதும் இல்லையென்றால் லைவ் வியூவில் (பின்திரையில்) பெரிதாக்கி ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் பாறையில் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். முன்புறத்தில் மரமோ பாறையோ இருந்தால், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ., எஃப்11 என்றால் இரண்டு மீட்டரில் ஃபோகஸ் வையுங்கள். ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். டெலியில் இந்தக் கணக்கு செல்லாது.

வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், நிழலைக் கொஞ்சம் இருட்டாகவே விடுங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பங்கீட்டைக் காட்டும் வரைபடம்) புதியவர்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்: வெள்ளை வரைபடம் நன்றாக இருக்கும், ஆனால் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். சிவந்த பாறையில் சிவந்த வெயில் விழுந்தால் சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பி வழியும். வழிந்த இடத்தில் பாறைக் கீறல் எதுவும் மிஞ்சாது, ஆரஞ்சு பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி ஆகும். கேமராவில் மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்து, சிவப்பு முட்டினால் அரை ஸ்டாப் குறையுங்கள். முதல் பயணத்தில் என் நானூறு படத்தில் பாதி இப்படித்தான் போனது.

கிணற்றில் எழுதின நோட்டு இப்போது உதவும். உங்கள் கேமரா தாங்காத வித்தியாசம் என்றால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம். கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் கறுத்த கண்ணாடி) வைத்திருப்பவர்கள் மென்விளிம்பு உள்ளதைப் பயன்படுத்துங்கள். கேன்யனின் மேல்கோடு கடல் மாதிரி நேராக இருக்காது, சிகரத்தின் தலை கறுத்துவிடும். வானத்தைக் கருக்கும் போலரைசர் ஃபில்டரை வைட் லென்ஸில் போடாதீர்கள், வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகும்.

ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணையுங்கள். சில லென்ஸ்கள் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தாங்களே நடுங்கும்.

8. மாலை: அதே வேலை, தலைகீழாக

காலையில் வெளிச்சம் மேலிருந்து கீழே இறங்கியது. மாலையில் நிழல் கீழிருந்து மேலே ஏறும். இந்த ஒரு விஷயத்தால் எடுக்கும் வரிசையே மாறிவிடுகிறது. அஸ்தமனத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து, முதலில் ஆற்றையும் அடிவாரத்தையும் எடுத்துவிடுங்கள். முதலில் இருட்டப்போவது அவைதான். அப்புறம் நடு அடுக்குகள். கடைசிக் கால் மணியில் சிகரங்கள். புதியவர்கள் அஸ்தமனத்தைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அப்போது ஆற்றை எடுக்கப் பார்ப்பார்கள். ஆறு இருட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

நிறம் வேண்டுமென்றால் கிழக்கே பாருங்கள். லிபானில் நின்றால் கிழக்குப் பக்கச் சுவர்கள் சிவந்து எரியும், மேற்கே அடுக்கடுக்கான மங்கல். பௌர்ணமிக்கு முந்தின நாள் போனால் இன்னொரு லாபம்: சூரியன் விழுமுன்பே கிழக்கில் நிலா எழுந்துவிடும், பாறையில் வெயில் இருக்கும்போதே. பௌர்ணமி அன்றோ அதற்கு மறுநாளோ என்றால் நிலா வருவதற்குள் பாறை இருண்டுவிடும், இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிக்க முடியாது.

சூரியன் மறைந்ததும் கை தட்டிவிட்டுக் கூட்டம் கலையும். கூட வந்த தம்பி ஒருவர், “ஏனுங்கண்ணா, சூரியந்தான் எறங்கிருச்சே, போலாமுங்களா?” என்று பையைத் தோளில் மாட்டிவிட்டார். “பத்து நிமிசம் உக்காருங்க” என்றேன். மறைந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் மேற்கு வானத்தின் சிவப்பு எதிர்ச்சுவர்களில் மெல்லப் பட்டது. நிழலே இல்லாத, மென்மையான ரோஜா நிறம். ஹைலைட்டும் வழியாது, இருட்டும் அடையாது, ஒரே படத்தில் எல்லாம் அடங்கும். அந்தப் பயணத்தில் அவர் ஃப்ரேம் போட்டு மாட்டிய படம் அதுதான். பஸ் வரிசையும் அதற்குள் குறைந்திருந்தது. ஆனால் கடைசி ஷட்டில் எப்போது என்று போகும்போதே பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. மேகம், இடி, பனி

மேகமே இல்லாத நாள் சுற்றிப்பார்க்க நல்லது, படத்துக்குச் சுமார். உடைந்த மேகம் இருந்தால் கேன்யன் நடுவே வெளிச்சத் திட்டுகள் நகரும். ஒரு ஃப்ரேமை வைத்துக்கொண்டு திட்டு சரியான சிகரத்துக்கு வரும் வரை காத்திருங்கள். மேகத்தின் பின்னால் ஓடாதீர்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கேயும் ஒரு பருவமழை உண்டு, பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு. மழைக்குப் பின் காற்று கழுவிவிட்டது போலிருக்கும், அந்தி அற்புதமாக வரும். ஆனால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே விளிம்பை விட்டு வண்டிக்குள் போங்கள். மொட்டைப் பாறையில் உலோக ட்ரைபாடோடு நிற்பது நீங்கள்தான்.

பனி விழுந்திருந்தால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள். விளிம்புப் பாதை கண்ணாடி மாதிரி வழுக்கும், செருப்புக் காலோடு வராதீர்கள்.

10. ஃபோன் மட்டும் இருந்தால்

0.5 என்கிற அகல லென்ஸ் பக்கம் போகவே போகாதீர்கள். 2 அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதையே வையுங்கள். திரையில் வெயில் பட்ட பாறையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். லென்ஸைச் சட்டைத் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் சூரியன் பக்கம் எடுத்தால் படம் முழுக்கப் புகை மூடும்.

11. வீட்டுக்கு வந்தபின்

படங்களை இரண்டு நாள் திறக்காதீர்கள். விளிம்பில் நின்ற பரவசம் அடங்கினால்தான் எது தேறும், எது தேறாது என்று கண்ணுக்குத் தெரியும்.

லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் முதல் வேலை ஒயிட் பேலன்ஸ், இரண்டாவது ஹைலைட், மூன்றாவதாகத்தான் ஷேடோ. ஷேடோவை நூறுக்கு இழுத்து நிழலையெல்லாம் திறந்துவிட்டால் அது மத்தியானப் படம் மாதிரி ஆகிவிடும். அதற்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கவே வேண்டியதில்லை. இருபது, முப்பதோடு நிறுத்துங்கள்.

நிறத்தை அழுத்தமாக்கும் சாச்சுரேஷனில் கை வைக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவே செங்குத்தாக நிற்கும் சிவப்புச் சுவர், ரெட்வால், உண்மையில் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். மேலடுக்குகளிலிருந்து மழையில் வழிந்த இரும்புச் சாயம்தான் அந்தச் சிவப்பு. புதிதாகப் பெயர்ந்த இடங்களில் சாம்பல் திட்டுகள் தெரியும். சாச்சுரேஷனை ஏற்றிக்கொண்டே போகும்போது அந்தச் சாம்பல் திட்டுகளைப் பாருங்கள். அவையும் ஆரஞ்சாக மாறத் தொடங்கினால், அதற்கு இரண்டு கட்டம் முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.